ஸ்கொட்லாந்தின் பழம் பதிவேடுகளிற் குடும்பப் பெயர்கள்

அவுஸ்திரேலியாவின் பிரதம மந்திரியாக 1939 முதல் 1941 வரையும், பின்னர் 1949 முதல் 1966 வரையும் பதவி வகித்தவர் ரொபர்ட் மென்சீஸ். அந்நாட்டு மக்கள் அவருக்கு இட்ட பட்டப்பெயர் 'மிங்' என்பது. சீன தேசத்து மிங் அரச வமிசத்துக்கும் அவருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சித்திரக் கதையொன்றில் வந்த அப்பெயர்க் கொடுங்கோலனை நினைந்து நகைத்தோரும் உண்டு. ஆயினும் பட்டப்பெயரின் வேர் வேறோரிடத்தில் உள்ளது. அவருடைய முன்னோர் ஸ்கொட்லாந்திலிருந்து குடிபெயர்ந்தோர். அங்கே 'மென்சீஸ்' என்று எழுதுவர். 'மிங்கிஸ்' என்று சொல்வர். பிரித்தானியாவில் 2006, 2007ஆம் ஆண்டுகளில் லிபரல் டெமொக்கிரட் கட்சிக்குத் தலைமை தாங்கிய மென்சீஸ் காம்பெல் அவர்களும் இதே காரணத்தால் 'மிங்' என்றே அழைக்கப்பட்டார்.

எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே இத்துணைத் தூரம் எவ்வாறு நேர்ந்தது? மறைந்துபோன ஓர் எழுத்தே அதற்குக் காரணம். பழைய ஸ்கொத்து மொழியில் 'யோக்' என்றோர் எழுத்து வழங்கியது. பெரும்பாலும் யகரத்தை ஒத்த ஒலியை அது குறித்தது. நகர ஒலியோடு சேர்ந்தவிடத்துத் தமிழின் ஞகரத்தைப் போன்ற ஒலியைத் தந்தது. அவ்வொலியே நாளடைவிற் பேச்சில் 'ங்' எனத் திரிந்தது. எழுத்தின் வடிவமோ மூன்று என்னும் இலக்கம் வால் நீண்டு தொங்குவது போன்றது. கையெழுத்தில் அதற்கும், வாலுடன் எழுதப்பட்ட 'இசட்' எழுத்துக்கும் வேறுபாடு காண்பது அரிது. அச்சுக்கலை வந்தபொழுது 'யோக்' எழுத்துக்கு அச்சு இல்லாத அச்சகத்தார் வடிவத்தால் நெருங்கிய 'இசட்' எழுத்தை அவ்விடத்தில் வைத்து வேலையை முடித்தனர். எழுத்து மாறியது, நா மாறவில்லை. இத்தனைக்கும் அப்பெயர் முதலில் ஸ்கொத்துப் பெயருமன்று. அது நோர்மண்டியிலிருந்து வந்தது. 1249ஆம் ஆண்டிலே அந்நாட்டு அரசவையில் உயர்பதவி வகித்த ரொபர்ட் டி மெய்னர்ஸ் என்பவரின் பெயரில் 'இசட்' ஒலியைத் தேடினாற் கிடையாது.

'டால்சீல்' என எழுதப்படும் பெயரும் இத்தகையதே. அதனை 'டியெல்' என்பர். எழுத்தை மட்டும் கண்டவர் பத்து முறை முயன்றாலும் அவ்வொலியை ஊகித்தல் இயலாது. இதே பெயரை வேறு சில குடும்பத்தினர் 'இசட்' எழுத்துக்குப் பதிலாக 'வை' எழுத்தை இட்டு எழுதினர். நீண்ட காலம் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் இருந்த டாம் டியெல் அவ்வாறு எழுதியவர். ஆனால் 'மக்கென்சி' என்னும் பெயருக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. அது கேலிக் மொழியிற் கென்னெத் என்பானின் மகன் எனப் பொருள்படும் பெயர். முற்காலத்தில் 'மக்கென்யி' என்றே அதனை ஒலித்தனர். அச்சிலே 'இசட்' புகுந்தபின், காலப்போக்கில், எழுத்தைப் பார்த்தே மக்கள் பெயரைச் சொல்லத் தொடங்கினர். ஒரு பெயரில் நா எழுத்தை வென்றது. மற்றொன்றில் எழுத்து நாவை வென்றது.

நிலவுடைமையும் பதவியும் பெற்றிருந்த பெருங்குடிகளின் பெயருக்கே இக்கதியாயின், ஏர் உழுதவன், நெசவு செய்தவன், கடலிலே வலை வீசியவன் ஆகியோரின் பெயர் என்னாகும்? பெருங்குடிகளுக்கு உறுதிகளும் மரணசாசனங்களும் வழக்கேடுகளும் உள்ளன. ஓரிடத்திற் பெயர் மங்கினாலும் வேறோரிடத்தில் துலங்கும். ஏழைக்கோ கோயிற்பற்றின் பதிவேட்டில் உள்ள ஒரு வரியே பெரும்பாலும் எஞ்சியிருக்கும் சாட்சி. அந்த வரியிற் குடும்பப் பெயரைப் பிழையாக வாசித்தால், உள்ள ஒரு சாட்சியும் இல்லையாகிவிடும். அல்லது வேறு யாரோ ஒருவர் பாட்டனாராகி விடுவார்.

இப்பதிவேடுகளின் வரலாறு 1552ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. ஒவ்வொரு கோயிற்பற்றிலும் ஞானஸ்நானங்களையும் விவாக அறிவித்தல்களையும் எழுதிவைத்தல் வேண்டும் எனத் திருச்சபைச் சங்கம் அவ்வாண்டிலே கட்டளையிட்டது. இன்று எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையது பேர்த்ஷயர்ப் பகுதியைச் சேர்ந்த எரொல் என்னும் ஊரின் பதிவேடு. அது 1553இல் ஆரம்பமாகின்றது. சமயச் சீர்திருத்தத்தின் பின் புரொட்டஸ்தாந்து திருச்சபை இப்பணியைத் தொடர்ந்தது. 1855 ஜனவரி முதலாம் திகதி அரசாங்கப் பதிவு முறை நடைமுறைக்கு வரும்வரை, முந்நூறு ஆண்டுகளாகத் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட கோயிற்பற்றுக்களிலே இவ்வேடுகள் எழுதப்பட்டன. தீயிலும் ஈரத்திலும் கவனயீனத்திலும் அழிந்தவை போக ஏறக்குறைய 3,500 ஏடுகள் தப்பியுள்ளன. எடின்பரோவில் 1774இல் அடிக்கல் நாட்டப்பெற்று, ரொபர்ட் அடம் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த திட்டப்படி எழுந்த பதிவகமே இத்தேடலுக்கு வருவோரின் தலைவாயில்.

தேடி வருவோர் பலர் தூர தேசத்தார். கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சென்றோரின் பேரப்பிள்ளைகள் அவர்கள். இலங்கையின் மலைநாட்டிலே தோட்டங்களைத் திறந்து, டன்சினேன் என்றும் ஹோலிரூட் என்றும் தம் தாய்நாட்டு இடப்பெயர்களைச் சூட்டியோரின் வழிவந்தவர்களும் அவர்களுட் சிலர்.

இவ்வேடுகளை எழுதியவர் யாவர்? கோயிற்பற்று மூப்பர் சங்கத்தின் லிகிதர். ஊர்ப் பாடசாலையின் ஆசிரியரே பல இடங்களில் அவ்வேலையையும் பார்த்தார். சொற்பக் கட்டணம் அவருக்குக் கிடைத்தது. குழந்தையின் தகப்பன் பெயரைச் சொல்வான். லிகிதர் கேட்டு எழுதுவார். தகப்பனுக்கு எழுத்து வாசனை இல்லாதிருக்கலாம். இருந்தாலும் அது பெரிய வேறுபாடன்று. ஏனெனில் இதுவே சரியான எழுத்துக்கூட்டல் என்றொன்று அக்காலத்திற் பெரும்பாலான பெயர்களுக்கு இருக்கவில்லை. ஒரே லிகிதர் ஒரே பக்கத்தில் ஒரு பெயரை இருவகையாக எழுதியிருத்தலைக் காணலாம். அவர் தவறு செய்தாரல்லர். தம் செவியில் விழுந்த ஒலியைத் தமக்குத் தெரிந்த எழுத்துக்களால் குறித்தார், அவ்வளவே. "எங்கள் குடும்பத்தார் என்றும் இந்த எழுத்தையே இடுவர், ஆகவே இவர் எங்களவர் அல்லர்" என்று சாதிக்கும் ஆராய்ச்சியாளர், தம் சொந்தப் பாட்டனைக் கதவைத் திறந்து வெளியே அனுப்பிவிடுகின்றார்.

ஆகவே பெயரை வாசிப்பவருக்குக் கண்ணை விடச் செவி முந்திப் பயன்படும். 'ருத்வென்' என எழுத்திற் காண்பது நாவில் 'ரிவ்வன்'. 'கொக்பர்ன்' என்பது 'கோபர்ன்'. 'கொல்குஹூன்' என நீண்டு கிடப்பது 'கஹூன்' என இரண்டு அசையில் அடங்கிவிடும். பழைய லிகிதர் ஒருவர் 'ரிவ்வன்' என்று தாம் கேட்டவாறே எழுதியிருந்தால், அதற்கும் ருத்வென் குடும்பத்துக்கும் உறவுண்டு என்பது வாய்விட்டுப் படித்தவருக்கே புலனாகும்.

செவியின் செய்தி இவ்வாறாக, கண்ணுக்குரிய இடர்ப்பாடு வேறு. பதினாறாம் நூற்றாண்டிலும் பதினேழாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் வழங்கியது 'செக்கிரட்டரி' எனப்படும் கையெழுத்து முறை. இன்றைய வாசகருக்கு அது முற்றும் அந்நியமானது. 'எச்' எழுத்தின் உடல் வரிக்குக் கீழே தொங்கும். 'ஈ' எழுத்து முதுகைக் காட்டித் திரும்பி நிற்கும். ககர ஒலிக்குரிய 'சீ'யும் டகர ஒலிக்குரிய 'ரீ'யும் இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றும். இதனால் 'ஸ்கொட்' என்னும் பெயர் 'ஸ்டொட்' எனக் கண்ணுக்குப் படும். இரண்டும் உண்மையிலே வழங்கும் குடும்பப் பெயர்களாதலின் மயக்கம் எளிதில் வெளிப்படாது. எங்கும் இல்லாத பெயராக வாசித்துவிட்டால் ஐயம் பிறக்கும். இருக்கின்ற வேறொரு பெயராக வாசித்துவிட்டால் ஐயத்துக்கே இடமில்லை. பிழைகளுள் மிகக் கொடியது இதுவே.

குத்துக்கோடுகளின் தொல்லை இன்னொன்று. 'எம்' எழுத்துக்கு மூன்று குத்துக்கோடு, 'என்'னுக்கும் 'யூ'வுக்கும் இவ்விரண்டு, 'ஐ'க்கு ஒன்று. 'ஐ'யின் தலைப்புள்ளியை எழுதாது விடுவோரும் உண்டு. நான்கெழுத்துத் தள்ளி எங்கோ தெறித்து வைப்போரும் உண்டு. 'இன்னஸ்' என்னும் பெயரில் முதலெழுத்தை அடுத்து நான்கு கோடுகள் வேலி போல வரிசையாய் நிற்கும். அவை இரண்டு 'என்'னா? ஓர் 'எம்'மும் ஓர் 'ஐ'யுமா? கோடுகளை விரல் வைத்து எண்ணுவதன்றி வேறு வழியில்லை. முதலெழுத்தும் உதவுவதில்லை; 'ஐ'யும் 'ஜே'யும் அக்காலத்திற் பெரிய வடிவில் ஒன்றே.

முதலெழுத்தில் நேரும் மயக்கந்தான் பலரைத் தடுக்கி விழச்செய்வது. இன்று 'டபிள்யூ' கொண்டு தொடங்கும் வில்சன் என்னும் பெயர் அன்று 'வீ' கொண்டு தொடங்கலாம். 'பிரேசர்' என்னும் பெயரின் முதலில் இரண்டு சிறிய 'எப்' எழுத்துக்கள் நிற்கலாம். அது இரட்டித்த ஒலியன்று, பெரிய எழுத்தை எழுதும் வகை அது. 'வைட்' என்னும் பெயரோ 'கியூ, யூ, எச்' என மூன்றெழுத்தைத் தலையிலே தாங்கி நிற்கும்; ஸ்கொத்து மொழியிலே அவ்வொலியை அப்படித்தான் எழுதினர். அட்டவணையின் கடைசிப் பக்கங்களிலே தேடுபவர், பெயர் நடுப்பக்கங்களில் இருப்பதை அறியாமலே திரும்பிப் போவார். இக்காலத்தில் ஏடுகளின் படங்களை உலகின் எம்மூலையிலிருந்தும் காணும் வசதி உண்டு. எனினும் அவற்றுக்கான அட்டவணையைச் செய்தவரும் கண்ணால் வாசித்த மனிதரே. அட்டவணையில் இல்லை என்பதனால் ஏட்டில் இல்லை என்றாகாது.

பயின்றவர்கள் கையாளும் முறை எளிமையானது. பொறுமை மட்டுமே அதற்கு விலை. விளங்காத பெயரை அவர்கள் முதலில் தொடுவதில்லை. பக்கம் முழுவதையும் வாசிப்பர். மாதங்களின் பெயர்கள், ஜோன், ஜேம்ஸ், மார்கரெட் போன்ற பெயர்கள், ஒவ்வொரு பதிவிலும் திரும்பத் திரும்ப வரும் வாய்பாடுகள் ஆகியன ஐயமின்றி விளங்கும். அச்சொற்களிலிருந்து அந்த லிகிதரின் 'கே' இன்னது, 'ஆர்' இன்னது என ஒரு நெடுங்கணக்கை வரைந்து கொள்வர். அதன் பின்பே பெயருக்கு வருவர். அதே தம்பதியினரின் மற்றப் பிள்ளைகளின் பதிவுகளையும் தேடுவர். லிகிதர் மாறியிருந்தால், ஒருவர் மறைத்ததை மற்றவர் காட்டுவார். மனைவியர் விவாகத்தின் பின்னும் தம் பிறந்த குடும்பப் பெயராலேயே ஏடுகளிற் குறிக்கப்பட்டமை ஸ்கொட்லாந்தின் சிறப்பு. கல்லறைக் கற்களிலும் இவ்வழக்கைக் காணலாம். ஒரு பிள்ளைக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் சாட்சி சொல்லும் வசதி இதனால் உண்டாயிற்று. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரையும் இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரையும் இடும் வழக்கம் பரவலாக இருந்தது. சட்டமன்று, வழக்கமே, சான்றாகக் கொள்ள முடியாவிடினும் திசை காட்டும். நியூயோர்க் பொதுநூலகத்திற் பணியாற்றிய ஜோர்ஜ் பிளாக் என்னும் ஸ்கொத்தர் 1946இல் வெளியிட்ட ஸ்கொட்லாந்துக் குடும்பப் பெயரகராதி, பழைய ஆவணங்களில் ஒரு பெயர் எடுத்த வடிவங்களை ஆண்டுடன் தருவது. ஐயம் நேருமிடத்துப் பலரும் நாடுவது அதனையே.

மலைப்பிரதேசத்துக் கேலிக் மொழிப் பெயர்கள் இதனினும் சிக்கலானவை. 'மக்' என்றால் மகன். பெண்ணுக்கு அவ்வடை 'நிக்' என மாறும். மகள் எனப் பொருள். ஏடுகளில் முன்னதை 'எம், சீ' எனவும் பின்னதை 'என், சீ' எனவும் சுருக்கி எழுதினர். மூன்று கோட்டுக்கும் இரண்டு கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டில் ஆணும் பெண்ணும் தங்கியிருக்கின்றனர். 'வீ, சீ' என்று இன்னொரு சுருக்கமும் நடுவே வரும். அது 'மகனின் மகன்' என்று பாட்டனைச் சுட்டும். இவற்றையெல்லாம் நிலையான குடும்பப் பெயர் எனக் கொள்வது தவறு. தகப்பன் மாறத் தலைமுறைதோறும் பெயரும் மாறும். வடகோடியில் உள்ள ஷெட்லாந்துத் தீவுகளிலும், கேலிக் மொழி வழங்காதபோதிலும், தகப்பன் பெயரால் அழைக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நிலவியது. வடகிழக்குக் கரையோர மீன்பிடிக் கிராமங்களில் இதற்கு மறுதலையான தொல்லை. அங்கே ஊரெல்லாம் இரண்டு மூன்று குடும்பப் பெயர்களே. ஒருவரை மற்றவரிலிருந்து பிரித்தறியப் பட்டப்பெயரைச் சேர்த்தே உத்தியோகப் பதிவுகளிலும் எழுதினர்.

இதுகாறும் சொல்லப்பட்டவை வாசிப்பவரின் இடர்கள். எழுத்தைச் செம்மையாக வாசித்தும் உண்மை கிட்டாத இடம் ஒன்று உண்டு. 1603 பெப்ரவரியிலே கிளென் புருயின் என்னும் பள்ளத்தாக்கில் மக்கிரெகர் குலத்தார் கொல்குஹூன் குலத்தாருடன் பொருது பலரைக் கொன்றனர். இங்கிலாந்தின் முடியையும் ஏற்கப் புறப்படவிருந்த ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் ஆலோசனைச் சபை, ஏப்ரல் 3ஆந் திகதி, மக்கிரெகர் என்ற பெயரையே ஒழித்துக் கட்டளை பிறப்பித்தது. அப்பெயரைத் தாங்குவோர் வேறு பெயர் எடுத்தல் வேண்டும், மீறினால் மரணதண்டனை. குலத்தலைவன் அடுத்த ஆண்டு ஜனவரியில் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டான். எஞ்சியோர் காம்பெல், மறே, கிறான்ற், டிரமண்ட், ஸ்டுவேட், கிறகம் என அயற்குலப் பெயர்களிற் புகுந்தனர். 1661இல் தடை நீங்கியது. 1693இல் மீண்டும் விதிக்கப்பட்டது. 1774இலேதான் முற்றாக ஒழிந்தது. 1817இல் வெளிவந்த வோல்ற்றர் ஸ்கொட்டின் நாவலாற் புகழ்பெற்ற ரொப் ரோய் மக்கிரெகர்கூடத் தன் தாயின் குடும்பப் பெயராகிய காம்பெல் என்பதையே மேற்கொள்ள நேர்ந்தது.

தடை நீங்கியபின் பழைய பெயருக்குத் திரும்பியோர் உளர். திரும்பாது எடுத்த பெயரிலே தங்கிவிட்டோரும் உளர். ஆகவே அக்காலத்து ஏடொன்றில் மறே என்றும் கிறான்ற் என்றும் தெளிவான கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கலாம். கோடுகளில் மயக்கமில்லை, எழுத்திற் சிதைவில்லை. ஆயினும் அப்பெயர் அவருடையதன்று. சில ஏடுகளிற் பெயரின் பின்னே 'அல்லது' எனப் பொருள்படும் 'ஏலியஸ்' என்ற இலத்தீன் சொல்லும் மற்றொரு பெயரும் காணப்படும். அந்த ஒரு சொல்லை எழுதிய லிகிதருக்குப் பின்வந்தோர் பட்ட கடன் பெரிது.

பெயரே எழுதப்படாமற் போனவர்களும் உளர். 1783இல் அரசாங்கம் பதிவொன்றுக்கு மூன்று பென்ஸ் வரி விதித்தது. 1794 வரை நீடித்த அவ்வரியைக் கொடுக்க இயலாத ஏழைகள் தம் பிள்ளைகளின் பெயரைப் பதியாமலே விட்டனர். அந்தப் பதினோராண்டுகளிற் பெயர் காணாவிடின், வாசிப்பில் நேர்ந்த பிழையென்று தம்மையே நொந்துகொள்ளத் தேவையில்லை.

1855இல் அரசாங்கப் பதிவு தொடங்கியபோது அச்சிட்ட படிவங்கள் வந்தன. முதலாண்டுப் படிவங்கள் கேட்ட விவரங்கள் அளவிறந்தவை. பதிவாளர்களுக்கு அது தாங்கொணாச் சுமையாகவே, அடுத்த ஆண்டே குறைத்துவிட்டனர். அந்த ஓராண்டில் இறந்தோரின் பதிவு ஆராய்ச்சியாளருக்குப் புதையல். எண்பது வயதில் இறந்த கிழவியின் தாய் தந்தையர் பெயரும் அதிலே உண்டு. அதைக் கொண்டு 1775ஆம் ஆண்டுக் கோயிற்பற்று ஏட்டில் விளங்காது கிடந்த பெயரை விளக்கலாம். பின்னர் கண்ட பிழைகளைத் திருத்துவதற்கெனத் தனிப் பதிவேடும் வைக்கப்பட்டது. பெயரின் அருகே ஓரத்திற் காணும் குறிப்பு அதற்கு வழிகாட்டும்.

எனினும் அப்பொழுதும் பெயரைச் சொல்பவர் ஒருவர்; எழுதுபவர் மற்றொருவர். பதிவாளர் எழுதியபின் தகவல் தந்தவர் கையொப்பமிடல் வேண்டும். எழுதத் தெரியாதோர் ஒரு சிலுவைக் குறி இடுவர். 'இவர் இட்ட அடையாளம்' என்று பதிவாளர் அதன் அருகே குறித்து, சாட்சியின் ஒப்பத்தையும் பெறுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஏடுகளிலே அத்தகைய குறிகள் பல. சிலவற்றில் மைக்கோல் கடதாசியை அழுத்திக் கிழித்த தடம் உண்டு. தம் பெயருக்கு அருகிலே, அப்பெயர் எந்த எழுத்துக்களால் எழுதப்பட்டிருக்கின்றது என்பதைப் பார்த்தும் அறியாத ஒருவர் இட்ட இரண்டு கோடுகள் அவை.